பாசி

பசுமைக்கு அடியான 'பசு' முதல் நீண்டு 'பாசு' ஆகும். பாசிலை என்றால் பச்சை இலை. குளத்துப் பாசி, பாசிப்பயறு எல்லாம் இந்த வேரில் கிளைத்தவை.

கடலடியில் இப்பெயர் நிறத்தைத் தாண்டிவிடுகிறது. மன்னார் வளைகுடாவில் மீனவப் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி, அறிவியல்படி செம்பாசி, அகர் என்னும் கூழ்மப்பொருள் தருவது. அல்ஜினேட் என்னும் கூழ்மப்பொருள் தரும் கட்டக்கோரை பழுப்புப் பாசி. கஞ்சிப்பாசி, காய்ச்சிக் குடித்த வழக்கால் பெயர் பெற்றது. இனம் பிரித்துப் பெயரிட்ட அந்த மக்களின் அறிவு நம் அகராதிகளில் முழுமையாக ஏறவே இல்லை.

கடற்பாசியும் கடற்புல்லும் ஒன்றல்ல. புல்லுக்கு வேரும் பூவும் உண்டு. பாசிக்கு இரண்டும் இல்லை, பாறையைப் பற்றிக்கொள்ளும் பிடி மட்டுமே. அந்தப் பிடியோடு பிய்த்தெடுத்தால் மறுபடி தழைப்பது கடினம். மீன்குஞ்சு, இறால், நண்டு எல்லாம் ஒளிந்து வளரும் இடமும் அழியும். இதை உணர்ந்துதான் இராமேசுவரம் பகுதிப் பெண்கள் மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பதென்று தாமே கட்டுப்பாடு வகுத்தார்கள். பாராட்டத்தக்க முடிவு.

எல்லாப் பாசியும் கடலுக்கு நன்மையல்ல. வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைகஸ் என்னும் அயல் இனம் மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவருகே பவளப்பாறைகள்மேல் படர்ந்து அவற்றை மூச்சடைத்தது. 2008-இல் ஆய்வாளர்கள் அதைப் பதிவு செய்தனர். ஆகவே பாசி வளர்ப்புத் திட்டம் எதுவானாலும், எந்த இனம் என்று முதலில் கேளுங்கள்.