டோனிங்டன்: ராக் இசையின் கோடைக்கால மைதானம்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், லெஸ்டர்ஷயர் மாவட்டத்தில், காசில் டோனிங்டன் என்ற கிராமத்தை ஒட்டி ஒரு பந்தயத் தடம் இருக்கிறது. 1931இல் மோட்டார் சைக்கிள் பந்தயங்களோடு தொடங்கிய தடம் அது. 1937, 1938 ஆகிய ஆண்டுகளில் கிராண்ட் பிரி கார்ப் பந்தயங்கள் அங்கே நடந்தன. இரண்டாம் உலகப் போரில் ராணுவம் அந்த இடத்தை எடுத்துக்கொண்டு வாகனக் கிடங்காக்கியது. போருக்குப் பிறகும் பல ஆண்டுகள் அது பாழாகவே கிடந்தது. கட்டடத் தொழிலில் பொருள் ஈட்டிய டாம் வீட்கிராஃப்ட் 1971இல் அதை வாங்கிச் சீரமைத்து, 1977இல் மீண்டும் பந்தயங்களைத் தொடங்கினார். மூன்றே ஆண்டுகளில், அவர் எதிர்பார்த்திராத ஒரு கூட்டம் அந்தத் தடத்தைத் தன் சொந்த ஊராக எண்ணத் தொடங்கியது. ‘மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக்’ என்ற இசை விழா 1980 முதல் 1996 வரை, 1989, 1993 ஆகிய இரண்டு ஆண்டுகள் நீங்கலாக, கோடைக்கு ஒரு சனிக்கிழமை அங்கே நடந்தது. ஹெவி மெட்டல், ஹார்ட் ராக் ஆகிய இசை வகைகளுக்காகவே பெரிய அளவில் நடத்தப்பட்ட முதல் திறந்தவெளி விழாக்களில் அதற்குத் தனி இடம் உண்டு.

கோடை என்றதும் அக்னி நட்சத்திரத்தை நினைக்கும் தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு விளக்கம் தேவை. இங்கிலாந்தின் கோடை ஜூனில் தொடங்கி ஆகஸ்டில் முடிகிறது. விழா பெரும்பாலும் நடந்த ஆகஸ்ட் நடுப்பகுதி, தமிழ் மாதக் கணக்கில் ஆடி முடிந்து ஆவணி பிறக்கும் வேளை. அந்நாட்களில் அங்கே பகல் வெப்பம் பொதுவாக 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். இரவு எட்டு மணி தாண்டியும் வானத்தில் வெளிச்சம் நிற்கும். எந்த நேரத்திலும் மழை வரலாம். ஆண்டின் பெரும்பகுதியைக் குளிரிலும் மூட்டத்திலும் கழிக்கும் மக்களுக்கு, நாள் முழுதும் புல்வெளியில் நிற்க முடிகிற வாரங்கள் மிகக் குறைவு. அந்நாட்டின் பெரிய திறந்தவெளிக் கச்சேரிகள் எல்லாம் அந்தச் சில வாரங்களிலேயே நெருக்கியடித்து நடந்தன.

ராக் விழாக்கள் டோனிங்டனுக்கு முன்பே இருந்தன. 1961இல் லண்டனை அடுத்த ரிச்மண்டில் ஜாஸ் விழாவாகத் தொடங்கிய ஒன்று, 1971இல் ரெடிங் நகரில் நிலைபெற்று, நாளடைவில் ராக் விழாவாக மாறியது. ஐல் ஆஃப் வைட் தீவில் 1970இல் கூடிய கூட்டம் லட்சக்கணக்கில் போனதால், 5,000 பேருக்கு மேல் இரவில் கூடுவதைக் கட்டுப்படுத்த மறு ஆண்டே தனிச் சட்டம் வந்தது. நெப்வொர்த் மாளிகைத் திடலில் 1979 ஆகஸ்டில் லெட் செப்பெலின் குழு வாசித்தது. ஆனால் இவற்றுள் எதுவும் ஹெவி மெட்டல் ரசிகருக்கென்று அமைந்ததல்ல. பல வகை இசைகளுக்கு நடுவே அவருக்கும் ஒரு மணி நேரம் கிடைக்கும், அவ்வளவுதான்.

அந்த ரசிகர் யார் என்பதில்தான் டோனிங்டனின் வெற்றிக்கான காரணம் இருக்கிறது. பிரிட்டிஷ் ஹெவி மெட்டல், தொழிற்சாலை நகரங்களின் பிள்ளை. பிளாக் சபத் 1968இல் பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதியில் உருவானது. அதன் கிதார் கலைஞர் டோனி அயோமி பதினேழு வயதில் இரும்புத் தகடு வெட்டும் பட்டறையில் வேலை பார்த்தபோது, இயந்திரத்தில் சிக்கி வலக்கையின் இரண்டு விரல்நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்பதால் தந்தியை அழுத்துவது அந்த வலக்கைதான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல்களுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டு, மெல்லிய தந்திகளைக் கட்டி அவர் மீண்டும் வாசித்தார். பிறகு அழுத்தத்தைக் குறைக்கச் சுருதியையும் இறக்கினார். ஹெவி மெட்டலின் கனத்த, இருண்ட நாதத்துக்கு அது பெரும் காரணமாயிற்று. ஜூடஸ் பிரீஸ்ட்டும் பர்மிங்காம் வட்டாரத்துக் குழுவே. டெஃப் லெப்பர்ட் எஃகு நகரமான ஷெஃபீல்டில் பிறந்தது. சாக்சன் நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த பார்ன்ஸ்லியில் பிறந்தது. வரைபடத்தில் இந்த ஊர்களைக் குறித்தால் டோனிங்டன் ஏறக்குறைய நடுவில் விழும். அருகிலேயே எம் 1 நெடுஞ்சாலை ஓடுகிறது. மறுபக்கம் விமான நிலையம். சத்தத்துக்குப் பழகிய இடம் அது.

காலமும் சேர்ந்து வந்தது. 1979 வாக்கில் இளம் மெட்டல் குழுக்கள் பல ஒரே சமயத்தில் தலைதூக்கின. ‘சவுண்ட்ஸ்’ வார இதழ் அவற்றைப் புதிய அலை என்று அடையாளம் காட்டியது. 1978இல் பிபிசி ரேடியோ 1இல் டாமி வான்ஸ் தொடங்கிய வெள்ளிக்கிழமை இரவு ராக் நிகழ்ச்சி, அந்த இசையை ஊர் ஊராகக் கொண்டுபோனது. 1980 ஏப்ரலில் ஐயன் மெய்டனின் முதல் ஆல்பமும், ஜூடஸ் பிரீஸ்ட்டின் ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’ ஆல்பமும் வெளிவந்தன. ஜூலையில் ஏசி/டிசியின் ‘பேக் இன் பிளாக்’ வந்தது.

அந்தச் சூழலில் பால் லோஸ்பி, மாரிஸ் ஜோன்ஸ் என்ற இரு கச்சேரி அமைப்பாளர்கள் டோனிங்டனைத் தேர்ந்தெடுத்தார்கள். 1980 ஆகஸ்ட் 16 அன்று முதல் விழா நடந்தது. டீப் பர்பிள் குழுவில் இருந்து பிரிந்த ரிச்சி பிளாக்மோரின் ரெயின்போ தலைமைக் குழுவாக நிறைவு செய்தது. ஜூடஸ் பிரீஸ்ட், ஜெர்மனியின் ஸ்கார்பியன்ஸ், கனடாவின் ஏப்ரல் வைன், சாக்சன், ரயட், டச் ஆகிய குழுக்கள் அதற்கு முன்பு வாசித்தன. ரெயின்போவின் டிரம்மர் கோசி பவல் அந்தக் குழுவோடு வாசித்த கடைசிக் கச்சேரி அதுவே. கூட்டம் பல்லாயிரமாகத் திரண்டது. ஒரே கச்சேரியாக நினைத்துத் தொடங்கியது ஆண்டு விழாவாயிற்று.

விழாவின் அமைப்பு பெரும்பாலான ஆண்டுகளில் எளிமையானது: ஒரு நாள், ஒரு மேடை, ஆறு அல்லது ஏழு குழுக்கள். பகலில் முதல் குழு ஏறும். இரவில் தலைமைக் குழு முடிக்கும். குழுக்களின் வரிசையை வெளிச்சம் தீர்மானித்தது என்றே சொல்லலாம். பிற்பகலில் வாசிப்பவர்களுக்கு விளக்கும் புகையும் உதவாது. பட்டப்பகலில் வெறும் வாசிப்பால் கூட்டத்தைப் பிடித்தாக வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு மேடையேறும் கடைசிக் குழுவுக்கே இருட்டும், வண்ண ஒளியும், வாணவேடிக்கையும் வாய்த்தன. ஒரு குழு ஆண்டுக்கு ஆண்டு அந்த வரிசையில் மேலேறுவதை ரசிகர்கள் கண்ணெதிரே பார்த்தார்கள். மெட்டாலிகா 1985இல் பிற்பகல் வெயிலில், பான் ஜோவிக்கு முன்பாக வாசித்தது. 1987இல் இன்னும் ஒரு படி மேலே நின்றது. 1991இல் ஏசி/டிசிக்கு அடுத்த இடம். 1995இல் நாளே அதனுடையது.

கூட்டத்துக்கென்று ஒரு கோலம் இருந்தது. தோல் ஜாக்கெட், அதன் மேல் கை வெட்டிய ஜீன்ஸ் சட்டை. முதுகில் பெரிதாக ஒரு குழுவின் சின்னம், சுற்றிலும் சிறிய துணி வில்லைகள், ஒவ்வொன்றும் கையால் தைத்தது. ஒரு சட்டையின் முதுகைப் பார்த்தே அதை அணிந்தவர் எத்தனை ஆண்டுகளாக எந்தெந்தக் குழுக்களைப் பின்தொடர்கிறார் என்று சொல்லிவிடலாம். ஆகஸ்ட் வெயிலிலும் அதைக் கழற்ற மாட்டார்கள். ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் நிமிர்த்தி மற்ற விரல்களை மடக்கும் கொம்பு முத்திரை, தலைகளுக்கு மேல் ஆயிரக்கணக்கில் எழும். அதைப் பரப்பியவர் ரோனி ஜேம்ஸ் டியோ. 1983இலும் 1987இலும் டோனிங்டனில் பாடியவர். இத்தாலிய வழிவந்த தன் பாட்டி கண்ணேறு கழிக்கக் காட்டும் சைகை அது என்று அவர் சொல்லியிருக்கிறார். திருஷ்டி கழிக்கும் பாட்டிகளை அறிந்த தமிழருக்கு இதில் வியப்பு இருக்காது. இசைக்குறிப்பு எதையும் எழுதி வைக்காத ஒரு ரசிகர் மரபு, இப்படிச் சட்டையிலும் விரலிலும் தன்னைப் பதித்துக்கொண்டது.

1981இல் ஏசி/டிசி தலைமை தாங்கியது. ‘பேக் இன் பிளாக்’ ஆல்பத்தின் முதல் பாடல் ஒரு தேவாலய மணியின் ஓசையோடு தொடங்கும். இறந்துபோன பாடகர் பான் ஸ்காட்டுக்குச் செலுத்திய அஞ்சலி அந்த ஆல்பம். அதற்கான மணியை வார்த்தவர்கள் லஃப்பரோவின் ஜான் டெய்லர் வார்ப்படச்சாலையினர். சுமார் ஒரு டன் எடையுள்ள அந்த மணியின் ஓசையை வார்ப்படச்சாலையிலேயே பதிவு செய்தார்கள். லஃப்பரோ, டோனிங்டன் தடத்திலிருந்து 15 கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த குழு ஒலிக்கவிட்ட மணி, பக்கத்து ஊர் வார்ப்புத் தொழிலாளர்களின் கைவேலை. ஏசி/டிசி 1984இலும் 1991இலும் மீண்டும் தலைமை தாங்கியது.

விழாவின் வரலாற்றில் நெஞ்சை நெகிழ்த்தும் நாள் 1986 ஆகஸ்ட் 16. டெஃப் லெப்பர்டின் டிரம்மர் ரிக் ஆலன் 1984 டிசம்பர் 31 அன்று கார் விபத்தில் இடக்கையை இழந்தார். டிரம்மருக்குக் கை போனால் தொழிலே போயிற்று என்றுதான் எவரும் நினைப்பார்கள். குழு அவரை விடவில்லை. இடக்கை செய்த வேலைகளை இடக்காலால் செய்வதற்காக, மின்னணு மிதிகள் இணைந்த தனி டிரம்ஸ் வடிவமைக்கப்பட்டது. ஒன்றரை ஆண்டுக்கும் மேலான பயிற்சிக்குப் பிறகு, டோனிங்டனின் பெருங்கூட்டத்தின் முன் அவர் அமர்ந்தார். பாடகர் ஜோ எலியட் அவர் பெயரைச் சொன்னதும் எழுந்த ஆரவாரம், அந்த மைதானம் யாருக்கும் தந்த மிகப் பெரிய வரவேற்புகளில் ஒன்று. மறு ஆண்டு வெளிவந்த ‘ஹிஸ்டீரியா’ ஆல்பம் முழுவதும் அவர் வாசித்ததுதான்.

1988 விழாவின் உச்சம். அதுவே அதன் காயமும். ஐயன் மெய்டன், கிஸ், டேவிட் லீ ராத், மெகாடெத், கன்ஸ் அண்ட் ரோசஸ், ஹெலோவீன் என்று பட்டியல். 1,07,000 பேர் வந்தார்கள். 360 ஒலிபெருக்கிப் பெட்டிகளை நிறுவ ஐந்து நாட்கள் பிடித்தன. 523 கிலோவாட் திறனுள்ள அந்த ஒலியமைப்பு கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது. ஐயன் மெய்டன் வாசிக்கையில் ஒலிக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் அதிகபட்சமாக 124 டெசிபல் பதிவாயிற்று.

ஆனால் அன்று பிற்பகலிலேயே துயரம் நேர்ந்துவிட்டது. கன்ஸ் அண்ட் ரோசஸ் ஒப்பந்தமானபோது வளர்ந்துவரும் குழு. ஆகவே வரிசையில் இரண்டாவதாகப் போடப்பட்டது. அதற்குள் அதன் ஆல்பம் அமெரிக்காவில் முதலிடத்தைப் பிடித்துவிட்டது. அந்தக் குழுவைப் பார்க்கவே பெருங்கூட்டம் முன்னால் நெருக்கியது. மைதானம் மேடையை நோக்கிச் சரிவது. மழையில் நனைந்து சேறாகியிருந்தது. பின்னாலிருந்து வந்த அழுத்தத்தில் முன்னே நின்றவர்கள் வழுக்கி விழ, அவர்கள் மேல் மற்றவர்கள் விழுந்தார்கள். குழு பாட்டை நிறுத்திப் பின்வாங்கச் சொல்லி மன்றாடியும், இளைஞர்கள் இருவர் உயிரிழந்தார்கள். எல்லோருக்கும் மேடை தெரிய உதவிய அதே சரிவு அன்று உயிரைக் குடித்தது.

1989இல் விழா நடக்கவில்லை. 1990இல் திரும்பியபோது கூட்டத்துக்கு 72,500 என்று வரம்பு வந்தது. பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு ஆணையம் 1993இல் கச்சேரிகளுக்கான விரிவான பாதுகாப்பு வழிகாட்டியை வெளியிட்டது. கூட்ட அடர்த்தி, தடுப்பு வேலி, வெளியேறும் வழி ஆகியவற்றைக் கணக்கிட்டு முடிவு செய்வது வழக்கமாயிற்று. 

இதற்கிடையே விழாவின் பெயர் கடல் கடந்தது. ஜெர்மனியிலும் இத்தாலியிலும் அதே பெயரில் கச்சேரிகள் நடந்தன. 1991 செப்டம்பரில், சோவியத் ஒன்றியத்தின் கடைசி மாதங்களில், மாஸ்கோவின் துஷினோ விமானத் தளத்தில் ஏசி/டிசியும் மெட்டாலிகாவும் லட்சக்கணக்கானோர் முன் இலவசமாக வாசித்தன. வட ஜெர்மனியின் வாக்கன் கிராமத்தில் 1990இல் சில நூறு பேரோடு தொடங்கிய கோடை விழா, பிற்காலத்தில் டோனிங்டனையே மிஞ்சும் பெயர் பெற்றது.

தாய் விழாவோ தளர்ந்தது. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து இசை 1991க்குப் பிறகு இளைஞர்களை ஈர்த்தது. 1992 ஆகஸ்டில் ஐயன் மெய்டன் டோனிங்டனில் வாசித்த அடுத்த வாரமே, ரெடிங் விழாவின் தலைமை மேடையில் அந்த இசையைச் சேர்ந்த நிர்வாணா குழு நின்றது. 1996இல் கிஸ் குழுவும் பாடகர் ஆசி ஆஸ்பர்னும் மேடையேறியதோடு ‘மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக்’ டோனிங்டனில் முடிந்தது.

ஏழு ஆண்டுகள் கழித்து, 2003இல், இணையத்தில் பாட்டு இறக்கும் பழக்கம் பரவிய காலத்தில், ‘டவுன்லோட்’ என்ற பெயரில் புதிய விழா அதே மைதானத்துக்கு வந்தது. முதல் ஆண்டின் தலைமைக் குழுக்களில் ஒன்று ஐயன் மெய்டன். நாட்கள் கூடின, மேடைகள் பலவாயின, மாதம் ஜூன் ஆயிற்று. மோட்டர்ஹெட் குழுவின் லெமி 2015 டிசம்பரில் மறைந்ததும், மறு ஆண்டு முதன்மை மேடைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. கொரோனாவால் 2020இல் விழா நின்றது. 2021 ஜூனில் அரசின் ஆய்வுத் திட்டத்தின் கீழ் 10,000 பேருக்கு மட்டும் அனுமதி தந்து சோதனையாக நடந்தது. 2023இல் இருபதாம் ஆண்டையொட்டி விழா நான்கு நாட்களுக்கு நீண்டது. அவற்றில் இரண்டு இரவுகளை நிறைவு செய்தது, 1985இல் அதே மைதானத்தில் பிற்பகல் வெயிலில் வாசித்த மெட்டாலிகா.