குஜராத் நிலநடுக்கம் (2001): உடல்நல, பொருளாதார விளைவுகள்

குஜராத்தின் கட்ச் மண்ணுக்கு நிலநடுக்கம் புதிதல்ல. 1819இல் நிலம் குலுங்கியபோது ரண் சமவெளியில் நெடிய மேடொன்று எழும்பியது. ‘அல்லா பந்த்’ என்ற பெயரோடு அது இன்றும் இருக்கிறது. 1956இல் அஞ்சார் நகரம் பெரும் சேதம் கண்டது. ஆனால் 2001 ஜனவரி 26 காலை 8.46 மணிக்கு, பச்சாவ் அருகே மையம் கொண்டு வந்த நடுக்கம் (அளவு 7.7) உயிர்ச்சேதத்தில் அவற்றையெல்லாம் மிஞ்சியது. அரசுக் கணக்கில் இறந்தவர்கள் 13,805 பேர். காயம்பட்டவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அஞ்சாரின் குறுகிய தெருவில் குடியரசு நாள் ஊர்வலம் சென்ற பள்ளிப் பிள்ளைகள் மீது இருபுறத்துக் கட்டடங்களும் சரிந்தன. இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்தன.

இவற்றுள் மிகக் கொடிய இழப்பு, காயம்பட்டவர்கள் ஓடிச் சேர வேண்டிய, மாவட்டத் தலைநகர் புஜ்ஜின் அரசு மருத்துவமனையே நோயாளிகளோடும் ஊழியர்களோடும் இடிந்து விழுந்ததுதான். திறந்த வெளியிலும் கூடாரங்களிலும் அறுவை சிகிச்சை நடந்தது. முதுகுத்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர்களுக்கு நிவாரண முகாம்கள் மூடப்பட்ட பிறகும் வைத்தியம் தேவைப்பட்டது.

இடிபாட்டிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர் பிறகு இறந்துபோவதும் உண்டு. நசுங்கிய தசையின் மேலிருந்த பாரத்தை அகற்றியதும் அதிலுள்ள பொட்டாசியமும் மயோகுளோபினும் இரத்தத்தில் கலக்கின்றன. முன்னது இதயத்தை நிறுத்தலாம், பின்னது சிறுநீரகத்தை அடைக்கும். ஆகவே ஆளை வெளியே எடுக்கும் முன்பே சிரை வழியே உப்புநீர் ஏற்றத் தொடங்குவார்கள். 1988 ஆர்மீனிய நிலநடுக்கத்தில் டயாலிசிஸ் தேவைப்பட்டோர் பெருகிய பிறகுதான் சிறுநீரக மருத்துவர்கள் பன்னாட்டு உதவிப் படை ஒன்றை அமைத்தார்கள்.

உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் சொத்துச் சேதத்தைச் சுமார் 210 கோடி டாலராக மதிப்பிட்டன. அதில் பாதிக்கு மேல் வீடுகள். மண்ணால் கட்டிய வட்டமான ‘பூங்கா’ வீடுகள் பல இடங்களில் தாக்குப்பிடித்தன. கல்லை அடுக்கிக் கட்டிய வீடுகள் பொலபொலவென உதிர்ந்தன.

மாநில அரசு 2003இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் கொண்டுவந்தது. நாடு தழுவிய சட்டம் 2005இல்தான் வந்தது. புஜ் மருத்துவமனை அதிர்வைத் தாங்கும் ரப்பர்–ஈயத் தாங்கிகள் மீது எழுப்பப்பட்டு 2004இல் திறக்கப்பட்டது. புதிய ஆலைகளுக்குக் கலால் வரிவிலக்கு கிடைத்ததால் கட்ச் தொழில் மாவட்டமானது.

கைத்தொழிலாளர் கதை வேறு. கட்சின் தமட்கா கிராமத்தில் நிலநடுக்கத்துக்குப் பிறகு நிலத்தடி நீரில் இரும்புச் சத்து கூடிவிட்டது. அந்த நீரில், மர அச்சுகளால் அச்சிடும் அஜ்ரக் துணிக்குச் சாயம் சரியாக ஏறவில்லை. சேத மதிப்பீட்டுப் பட்டியல்கள் நீரின் குணத்துக்கு விலை போடுவதில்லை. அச்சுத் தொழில் செய்த கத்ரி குடும்பங்கள் பல, புஜ் அருகே அஜ்ரக்பூர் என்ற புதிய ஊரை அமைத்துக் குடியேறின. சில குடும்பங்கள் தமட்காவிலேயே தங்கித் தொழிலைத் தொடர்ந்தன.