நீரோட்டத்தின் வழியே ஒரு சுழியோட்டம்

ருவான்வெல்லையில் குருகொட ஓயாவில் நீந்திப் பழகியவர்களுக்கு ஒரு பாடம் சிறுவயதிலேயே வாய்த்துவிடும். மழைக்காலத்தில் ஆற்றில் இறங்காதிருப்பதே நல்லது. இறங்கி அகப்பட்டுக்கொண்டவர் நீரை எதிர்த்து நீந்தலாகாது. அதனோடு சென்று, சற்றுக் கீழேயுள்ள வளைவில் கரையேற வேண்டும். இறப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே கற்கும் இந்தப் பாடமே, ‘டிரிப்ட் டைவிங்’ என ஸ்கூபா சுழியோடிகள் அழைக்கும் நீரோட்டச் சுழியோட்டத்துக்கும் அடிப்படையாகும்.

சாதாரண சுழியோட்டத்தில் படகு நங்கூரமிட்டு நிற்கும். சுழியோடி அதனிடமே திரும்பி வருவார். இதிலோ படகு நங்கூரமிடுவதில்லை. நீரோட்டம் வரும் பக்கத்தில் ஆட்களை இறக்கிவிட்டு, அவர்கள் போகும் வழியே பின்தொடரும். கைகால்களை அதிகம் அசைக்காமலேயே பவளப்பாறைகளைப் பார்த்துக்கொண்டு செல்லலாம் என்பதே இதன் இன்பம். ஒரு நொட் வேகமென்பது செக்கனுக்கு அரை மீற்றர்தான். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் 40 நிமிடங்களில் அது ஒருவரை 1,200 மீற்றருக்கு அப்பால் கொண்டு சேர்த்துவிடும். எதிர்த்து நீந்த முற்பட்டால் விரைவில் களைப்பு மேலிடும். சிலிண்டரிலுள்ள காற்றும் வேகமாகத் தீரும்.

குழுவினர் ஒன்றாகக் குதித்து, தாமதியாது ஒன்றாகவே கீழிறங்க வேண்டும். கடலடிக்கு அண்மையில் வேகம் குறைவு. பாறை மறைவில் இன்னும் குறைவு. இளைப்பாற விரும்புவோர் அங்கு ஒதுங்கலாம், ஆனால் பவளத்தைப் பற்றிப்பிடித்தல் ஆகாது. சில இடங்களில் பாறைச் சுவரையொட்டி நீர் கீழ்நோக்கி இழுக்கும். அப்போது மேலேறப் போராடாமல், சுவரை விட்டு விலகிப் பக்கவாட்டில் நீந்துவதே வழி.

ஆயினும் பெரிய ஆபத்து கடலடியில் அல்ல, நீர்மட்டத்திலேயே இருக்கிறது என்பது எமது கருத்து. அலைகளுக்கிடையே ஒரு மனிதத் தலை சில நூறு மீற்றர் தொலைவிலேயே கண்ணுக்கு மறைந்துவிடும். 2014 பெப்ரவரியில் பாலித் தீவுக்கு அருகே, நுசா லெம்பொங்கன் கடலில் ஜப்பானியப் பெண்கள் எழுவர் நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டனர். ஐவர் மாத்திரமே, அதுவும் மூன்று நாட்களின் பின்னர், உயிருடன் மீட்கப்பட்டனர். எனவேதான் செம்மஞ்சள் நிற மிதவைப் பை இன்றியமையாததாகிறது. மேலேறுமுன் 5 மீற்றர் ஆழத்தில் மூன்று நிமிடங்கள் தரிக்கும்போதே அது நீர்மட்டத்துக்கு மேலே தெரிய வேண்டும். விசிலும் சிறு கண்ணாடியும் உடன் இருத்தல் நன்று.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த கீழக்கரை முஸ்லிம்களும் அரபு நாட்டவரும் கல்லின் பாரத்தில் மூச்சடக்கி இறங்கினர். படகிலிருந்து கயிறு பிடிக்க அவர்களுக்கு ஆளிருந்தது. அந்தக் கயிற்றை மைத்துனரிடமே கொடுப்பார்கள் என்றொரு பேச்சுண்டு. தன் சகோதரி விதவையாவதை எவர்தான் விரும்புவார்! நீரோட்டச் சுழியோடிக்கும் படகுக்கும் இடையே அத்தகைய கயிறு இல்லை. மிதவையைக் கண்டுகொள்ளும் படகோட்டியின் கண்ணே கயிறு.

எமது நாட்டில் கடலின் குணம் பருவக்காற்றுக்கேற்ப மாறுகிறது. கிழக்குக்கு மே முதல் செப்டெம்பர் வரையும், தெற்குக்கும் மேற்குக்கும் நவம்பர் முதல் ஏப்ரல் வரையும் உகந்த காலம். கிரிந்தைக்கு அப்பாலுள்ள ‘கிரேட் பாஸஸ்’ பாறைத்தொடரில் நீரோட்டம் கடுமையானது; மார்ச், ஏப்ரலையொட்டிய சில வாரங்களிலேயே அங்கு இறங்க முடிகிறது. 1961இல் மைக் வில்சன் குழுவினர் ஹிஜ்ரி 1113ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட ஔரங்கசீப் காலத்து வெள்ளி நாணயங்களைக் கண்டெடுத்தது அங்கேதான். புதியவர்களுக்கு அது ஏற்ற இடமல்ல. அவர்கள் மிதமான நீரோட்டத்தில், பயிற்றுநர் ஒருவருடன் தொடங்குவதே முறை.

படகேறுமுன் படகோட்டியிடம் இரண்டைக் கேட்டறிய வேண்டும்: இன்று நீரோட்டம் எத்திசையில் செல்கிறது? குறித்த நேரத்தில் மிதவை தென்படாவிட்டால் எங்கிருந்து தேடத் தொடங்குவீர்கள்? இரண்டாவது கேள்விக்கு விடை கிடைக்காத படகில் ஏறாதிருப்பதே உத்தமம்.