காட்சிக்காகப் போடாத வழி

கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலையில் கிளம்பி மாமல்லபுரம் வரை போய்ப் பொழுது சாயத் திரும்புகிறவர்கள், முட்டுக்காட்டுப் பாலத்தில்தான் கடலையும் கழியையும் ஒருசேரப் பார்க்கிறார்கள். கிழக்கே முகத்துவாரம், மேற்கே அகன்று கிடக்கும் உப்பங்கழி, அதன் கரையில் படகுக் குழாம். இந்தச் சாலையைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலும் ஒரே கதைதான் வருகிறது: இங்கே அழகான கடற்கரை ஒன்று கிடந்தது, அதைக் காட்டச் சாலை வந்தது. நடந்தது வேறு. இந்தக் கரை சில நூற்றாண்டுகள் சரக்கும் கூலியும் போய்வந்த வழி. ரயில் இதை ஒதுக்கியதால்தான் அது காட்சிப் பொருளாக மிஞ்சியது. அந்தப் பழைய வழியோ இன்னும் சாகவில்லை. வடக்கிலிருந்து வரும் பக்கிங்காம் கால்வாய் இதே கழிக்குள் நுழைந்து, தெற்கே மறுபடி வெளியேறிப் போகிறது. சாலையின் வரலாற்றை அந்தக் கால்வாயிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

கால்வாய்க்கு முன்பும் இந்தக் கரைக்கு வந்தவர்கள் வியாபாரத்துக்காகவே வந்தார்கள். மாமல்லபுரம் பல்லவர் காலத்துத் துறைமுகம். அதற்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் துணி வாங்கக் கோட்டை கட்டி உட்கார்ந்தார்கள். முட்டுக்காட்டுக் கழியின் தென்கரையான கோவளத்தில் 1720களில் ஆஸ்டெண்ட் கம்பெனி கடை விரித்தது. பின்னால் ஆர்க்காட்டு நவாப் காலத்தில் அங்கே எழுந்த கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1752இல் ராபர்ட் கிளைவ் அதைப் பிடித்து, அடுத்து செங்கல்பட்டுக் கோட்டையை நோக்கி நகர்ந்தார். அந்தக் கோட்டை நின்ற இடத்தில்தான் 1970களில் கடலோர விடுதி ஒன்று எழுந்தது. விருந்தினர்கள் இன்று அலை பார்க்கும் மேட்டிலிருந்து, அந்தக் காலத்தில் எதிரிக் கப்பல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கால்வாயின் கதை 1806இல் பேசில் காக்ரேன் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டிய உப்புநீர்க் கால்வாயில் தொடங்குகிறது. அது வடக்கே பழவேற்காடு தாண்டி ஆந்திரக் கரையோரமாக நீண்டது. அடையாற்றுக்குத் தெற்கே தனியாக வெட்டிய பகுதி, முட்டுக்காடு வழியாக மரக்காணம் வரை போனது. முடிவில் ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீர்வழி உருவானது. உப்பளத்து உப்பும் சென்னையின் அடுப்புகளுக்கான விறகும் இதில் ஏறின. இன்று நிழலுக்காக வண்டியை நிறுத்துகிற சவுக்குத் தோப்புகள் இந்தக் கரைக்கு வந்ததே பெரும்பாலும் விறகுக்காகத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரத்துக்கு எரிபொருள் தேவைப்பட்டது. மணலில் சீக்கிரம் வளரும் மரம் என்று சவுக்கை நட்டார்கள். காற்று இருந்தால் பாய் விரித்தும், இல்லாவிட்டால் கோல் ஊன்றியும், கரையில் நடந்து கயிற்றால் இழுத்தும் படகுகளை ஓட்டினார்கள்.

வடக்குக் கால்வாயையும் தெற்குக் கால்வாயையும் இணைத்தது ஒரு பஞ்சம். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தின்போது, நகருக்குள் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே சுமார் 8 கிலோமீட்டர் தூரத்தை நிவாரண வேலையாக வெட்டவைத்தார்கள். அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரே முழுக் கால்வாய்க்கும் நிலைத்தது. 1877 தொடக்கத்தில், இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் மாகாணத்தின் நிவாரணக் கூலியை வெட்டினார். ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 450 கிராம் தானியத்தின் விலையும் அதற்கு மேல் சில்லறைக் காசுமே மிஞ்சின. மண் சுமக்கிற உடம்புக்கு இது போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எழுத்து மூலமாகவே வாதிட்டார். அவர் சொன்னதே சரி என்பதைச் சாவுகள் காட்டின. சில மாதங்களில் அரசு கூலியை உயர்த்த வேண்டியதாயிற்று. உலகின் மறுகோடியிலும் இதே கதை உண்டு. அயர்லாந்தின் கரடுமுரடான மேற்குக் கரையில் 2014 முதல் வைல்டு அட்லாண்டிக் வே என்ற பெயரில் சுமார் 2,500 கிலோமீட்டர் உல்லாசப் பாதையைக் குறித்திருக்கிறார்கள். அதையொட்டி பேரா தீபகற்பத்தில் வளைந்து ஏறும் ஹீலி கணவாய்ச் சாலை, 1847இல் உருளைக்கிழங்குப் பஞ்சத்தின் நிவாரண வேலையாகப் போட்டது. அந்த வசந்தத்தில் அயர்லாந்தில் ஏழு லட்சம் பேர் இப்படிக் கல்லுடைத்துக்கொண்டிருந்தார்கள்.

பஞ்சத்தில் வெட்டியது நகருக்குள் இருக்கும் துண்டுதானே, முட்டுக்காட்டோடு அதற்கு என்ன சம்பந்தம் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்தத் துண்டு இல்லாதவரை தெற்குக் கால்வாய் அடையாற்றோடு நின்றுபோன ஒற்றை வழி. அது திறந்த பிறகுதான் முட்டுக்காட்டைக் கடந்த படகு ஆந்திரக் கரைவரை தடையின்றிப் போக முடிந்தது. இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது: ரயில் வந்ததுமே கால்வாய் செத்துவிட்டது, அதைச் சாலையின் மூதாதை என்பது மிகை. வடக்கே இது பெரும்பாலும் உண்மை. தெற்கே ரயில் செங்கல்பட்டு, விழுப்புரம் என்று உள்நாட்டில் போனது. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கடலோரமாக இன்றுவரை ரயில் இல்லை. ஆகவே இந்தக் கரையில் கால்வாய்க்குப் போட்டியும் குறைவு, கரையோரம் நகரம் வளரத் தூண்டுதலும் குறைவு. இந்தக் கடற்கரை இவ்வளவு காலம் காலியாகக் கிடந்ததற்கு இயற்கையைவிட ரயில்பாதை பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

மாமல்லபுரச் சிற்பங்களைப் பார்க்க வெள்ளைக்காரர்கள் அப்போதே வரவில்லையா? வந்தார்கள், கால்வாயில். சென்னையில் படகேறி இரவெல்லாம் தூங்கி, விடிந்ததும் ஊருக்கு மேற்கே இறங்கிக் கோயில்களுக்குப் போனார்கள். அவர்கள் தேடியது கல்லை. வழியில் இருந்த கரை இருட்டில் கழிந்தது. பயணமே காட்சியாவதற்குச் சாலையும் பகல்நேரக் காரும் வர வேண்டியிருந்தது. 1960களின் புயல்களில் கால்வாய் நொறுங்கி, படகுப் போக்குவரத்து ஓய்ந்தது. அதே பத்தாண்டில், 1966இல், கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார்கள். 1976இல் ரோமுலஸ் விட்டேக்கரின் முதலைப் பண்ணை வடநெம்மேலியில் வந்தது. தட்சிணசித்ரா 1996இல் முட்டுக்காட்டில் திறந்தது. மூன்றும் இப்போதைய அகலச் சாலைக்கு முந்தியவை. சிறு கிராமச் சாலைகளை ஒட்டவைத்து, ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில், சுற்றுச்சூழல் ஆர்வலர்களின் கடும் எதிர்ப்புக்கு நடுவே 1990களில் உருவான நெடுவழி, 2002இல் சுங்கச் சாலையாயிற்று. அந்த மூன்று நிறுவனங்களுக்கும் இடம் கொடுத்த வெற்று நிலம், அதற்குப் பின் மனைகளாகவும் விடுதிகளாகவும் மாறியது.

சாலையைக் குறை சொல்லும் நோக்கம் எனக்கில்லை. கோவளத்து மீனவர் பிடித்த மீன் அன்றைக்கே நகரச் சந்தைக்குப் போவதும், பிரசவ வலியெடுத்த பெண் நேரத்தோடு மருத்துவமனை சேர்வதும் சாலையால்தான். ஆனால் சாலை வந்ததும் கால்வாய் வெறும் பழங்கதையாகிவிட்டது என்று எண்ணியது பெரும் பிழை. பள்ளிக்கரணைச் சதுப்பில் சேரும் தென்சென்னை மழைநீர் ஒக்கியம் மடுவு வழியாக இதே கால்வாயில் இறங்கி, முட்டுக்காட்டு முகத்துவாரத்தில்தான் கடலைச் சேர்கிறது. கோடையில் மணல் மேவி இந்த வாய் அடைபடும். ஐப்பசி மழைக்கு முன் திறந்திருந்தாக வேண்டும். நகருக்குள் பறக்கும் ரயிலின் தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே நட்டு அதைக் குறுக்கினார்கள். 2008இல் இதே கால்வாயைத் தேசிய நீர்வழியின் ஒரு பகுதியாகவும் அறிவித்தார்கள். 2015 டிசம்பரில் வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் வீடுகளுக்குள் நின்ற தண்ணீருக்கு இந்தத் திசையில் வேறு பெரிய வடிகால் கிடையாது. கழியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களின் பிழைப்பும் இதே முகத்துவாரத்தை நம்பித்தான் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையை மேலும் அகலப்படுத்தும் வரைபடங்களில், முட்டுக்காட்டில் பாலத்தின் நீளத்தோடு கால்வாயின் அகலத்தையும் முகத்துவாரத்தின் ஆழத்தையும் சேர்த்தே குறிக்க வேண்டும்.