இறைப்பு ஓயக் கூடாது

மந்தாரக்குப்பம் கடைவீதியில் ஒரு மருந்துக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஷிப்டு முடிந்து வந்த ஒருவர், "அண்ணே, போன தடவை கொடுத்தீங்களே, அந்த ஆன்டிபயாடிக் மாத்திரை நாலு கொடுங்க. தொண்டை கரகரங்குது" என்றார். டாக்டர் சீட்டு இல்லை, கடைக்காரரும் கேட்கவில்லை. மாத்திரை கைமாறியது. எனக்கு ஒரு பழைய சம்பவம் ஞாபகம் வந்தது.

1941 பிப்ரவரி 12-ந் தேதி. ஆக்ஸ்போர்டு ஆஸ்பத்திரியில் ஆல்பர்ட் அலெக்ஸாண்டர் என்ற போலீஸ்காரர் சாகக் கிடந்தார். ரத்தத்தில் கலந்த கிருமிகள் உடம்பெங்கும் பரவியிருந்தன. பெனிசிலின் ஊசி போட்டார்கள், ஜுரம் தணிந்தது. ஆனால் கையிருப்போ மிகக் கொஞ்சம். அவருடைய சிறுநீரிலிருந்துகூட மருந்தைப் பிரித்தெடுத்து மறுபடி செலுத்திப் பார்த்தார்கள். சில நாளில் அதுவும் தீர்ந்தது. மார்ச் 15-ல் அவர் இறந்துபோனார்.

பிறகு மருந்து பெருகிற்று. நம் நாட்டிலும் பிம்பிரியில் 1954-ல் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனம் ஏற்பட்டது. கிருமிகளை ஜெயித்தாகிவிட்டது என்று உலகம் பெருமூச்சு விட்டது. பெனிசிலினைச் சிதைக்கும் பொருளைக் கிருமிகளே உண்டாக்குகின்றன என்று ஆப்ரஹாமும் செயினும் 1940-லேயே எழுதியிருந்தார்கள். மருந்தைக் குறைந்த அளவில் தின்றால் கிருமிகள் அதற்கு ஈடுகொடுக்கப் பழகிவிடும் என்று பிளெமிங் 1945-ல் நோபல் உரையில் எச்சரித்தார். யார் கேட்டார்கள்?

2010-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக் கார்த்திகேயன் குமாரசாமி முதலியோர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். டாக்டர்கள் கடைசி அஸ்திரமாக வைத்திருந்த கார்பபெனெம் மருந்துகளையும் முறிக்கும் என்.டி.எம்.-1 என்ற மரபணு, சென்னையில் மட்டும் 44 கிருமி மாதிரிகளில் இருந்தது. இந்த வித்தையை ஓர் இனக் கிருமி இன்னோர் இனத்துக்குக் கைமாற்றவும் வல்லது.

ஆஸ்பத்திரியில் நரம்பில் குழாய் செருகிக் கிடப்பவரின் ரத்தத்தில் இத்தகைய கிருமி புகுந்தால் என்ன ஆகும்? எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று சோதனையில் தெரிய இரண்டு மூன்று நாள் ஆகலாம். டாக்டரோ உடனே ஏதோ ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். அது பலிக்காவிட்டால் போன நேரம் போனதுதான்.

2012-ல் டாக்டர்கள் சென்னையில் கூடிச் 'சென்னைப் பிரகடனம்' செய்தார்கள். முக்கியமான சில மருந்துகளை விற்கும்போது டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் கடைக்காரர் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி 2014 மார்ச்சில் அமலுக்கு வந்தது.

நெய்வேலிப் பக்கத்து ஜனங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 1961-ல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டதோடு வேலை முடிந்ததா? அதன் அடியில் முட்டிக்கொண்டு நிற்கும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கம் சுரங்கமாக இருக்கும். வைத்தியமும் அப்படித்தான். கை கழுவுவது, ரத்தத்தைச் சோதிப்பது, சீட்டில்லாமல் மருந்து விற்காமலும் வாங்காமலும் இருப்பது: இவையெல்லாம் ஓயாத இறைப்பு.

தொண்டைக் கரகரப்பு பெரும்பாலும் தானே போய்விடும். அந்த நாலு மாத்திரையைத் தாங்கிப் பிழைத்த கிருமி போகாது. அது நாளைக்கு யாருடைய ரத்தத்தில் இறங்குமோ, அவர் பெயர் நமக்குத் தெரியாது. தெரிந்த பெயராகவும் இருக்கலாம்.