எதிரி நாட்டு வாத்தியார்

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு பொம்மை திரையில் ஐந்து நிமிடம் நடிக்க வேண்டும். சினிமாவில் விநாடிக்கு 24 படங்கள். ஆக, 7,200 படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் பொம்மையின் கையையோ காலையோ இம்மியளவு நகர்த்த வேண்டும். விலகி நிற்க வேண்டும். க்ளிக். மறுபடியும் நகர்த்தி, விலகி, க்ளிக். ஒரே நிலையை இரண்டிரண்டு தடவை படம் பிடித்து வேலையைப் பாதியாகக் குறைப்பவர்கள் உண்டு. அப்போதும் 3,600 தடவை பொம்மையைத் தொட்டாக வேண்டும்.

இதுதான் ஸ்டாப் மோஷன். பொறுமை இருந்தால் போதும், யாரும் செய்துவிடலாம் என்று தோன்றுகிறது, இல்லையா? அதுதான் இல்லை. நடிகர் சொதப்பினால் 'ஒன் மோர்' கேட்கலாம். இங்கே இரண்டாயிரமாவது படத்தில் யாரோ விளக்கில் இடித்துவிட்டால், அந்தக் காட்சியே அம்பேல். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். அதனால் எந்தப் படத்தில் கால் தூக்க வேண்டும், எதில் ஊன்ற வேண்டும், எதில் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் காமிராவைத் தொடுவதற்கு முன்பே பேப்பரில் இருக்க வேண்டும். இந்தக் கலையில் மாணவன் முதலில் பழக வேண்டியது பென்சிலைத்தான். பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஒரு வாத்தியார் இருந்தால், பல வருடம் மிச்சம்.

சீனாவுக்கு அப்படி ஒரு வாத்தியார் கிடைத்தார். யார் என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். ஒரு ஜப்பானியர்!

தடஹிதோ மோச்சிநாகா. 1919ல் பிறந்தவர். இருபதைத் தாண்டிய வயதிலேயே, படங்களைப் பல அடுக்குகளாக வைத்து ஆழம் தெரியப் படம் பிடிக்கும் காமிராவைத் தானே வடிவமைத்து, 1941ல் ஓர் எறும்புக் கதைக்குப் பயன்படுத்திக் காட்டிய கில்லாடி. திறமைசாலியை ராணுவம் சும்மா விடுமா? 1943ல் வெளியான 'மொமோதாரோவின் கடல் கழுகுகள்' படத்தில் இவருடைய உழைப்பும் உண்டு. ஜப்பானியக் கடற்படையின் ஆதரவோடு எடுத்த கார்ட்டூன் அது. பேர்ல் ஹார்பர் தாக்குதலைக் குழந்தைகள் கைதட்டி ரசிக்கும்படி சொன்னது. தாக்கப் போகிறவர்கள் குரங்கும் நாயும் முயலும்!

1945. டோக்கியோவின் மீது குண்டுமழை. மோச்சிநாகா கிளம்பி மஞ்சூரியா போனார். சீனாவின் வடகிழக்கை 1931ல் பிடுங்கிக்கொண்ட ஜப்பான், அங்கே பெரிய சினிமா ஸ்டூடியோவே நடத்திக்கொண்டிருந்தது. போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில், ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. ஸ்டூடியோ சீனக் கம்யூனிஸ்டுகளின் கைக்கு வந்தது. அவர்களுக்குக் காமிரா கிடைத்துவிட்டது, தெரிந்த ஆட்கள்தான் வேண்டும். ஜப்பானியர்கள் சிலரைத் தங்கச் சொன்னார்கள். மோச்சிநாகா தங்கினார்.

எட்டு வருடப் போர் அப்போதுதான் முடிந்திருக்கிறது. நான்ஜிங் படுகொலையின் ரத்தம் காயவில்லை. அந்த நேரத்தில் ஒரு ஜப்பானியரைக் கூப்பிட்டு, 'எங்களுக்குக் கற்றுக்கொடு' என்று கேட்பதற்கும் ஒரு மனசு வேண்டும். சொல்லிக்கொடுப்பதற்கும்தான்.

உள்நாட்டுப் போர் மூண்டதால் 1946ல் ஸ்டூடியோ இன்னும் வடக்கே, ஷிங்ஷான் என்கிற சுரங்க ஊருக்கு இடம் மாறியது. அங்கே உருவானதுதான் 1947ல் வந்த 'சக்கரவர்த்தியின் கனவு'. சீனாவின் முதல் பொம்மை அனிமேஷன் படம். இயக்கியவர் சென் போஎர் என்கிற பெண்மணி. முன்னாள் நடிகை. பொம்மைகளுக்கு உயிர் கொடுத்தவர் மோச்சிநாகா. சியாங் கை ஷேக்கை வறுத்தெடுத்த படம். நேற்று ஜப்பானியக் கடற்படைக்குப் பிரசாரம், இன்று சீனக் கம்யூனிஸ்டுகளுக்குப் பிரசாரம். முதலாளி மாறினார், தொழில் மாறவில்லை. இதில் நெளிய வைக்கும் விஷயம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இரண்டாவது இடத்தில் அவர் விட்டுவிட்டுப் போனது படங்களை மட்டும் அல்ல, அந்தத் தொழில் கற்றவர்களையும்.

அடுத்த வருடமே ஒரு கார்ட்டூன் இயக்கினார். அதில் அவர் பெயர் ஃபாங் மிங். அக்மார்க் சீனப் பெயர்! 1950ல் அந்தக் குழு ஷாங்காய்க்குப் போனது. 1957ல் ஷாங்காய் அனிமேஷன் ஸ்டூடியோவாக வளர்ந்தது அந்தக் குழுதான். அதற்குள், 1953லேயே மோச்சிநாகா ஊர் திரும்பிவிட்டார். அவரோடு வேலை பார்த்த ஜின் ஷி, இன்னொருவரோடு சேர்ந்து இயக்கிய 'மந்திரத் தூரிகை' என்கிற பொம்மைப் படம், 1956ல் வெனிஸ் குழந்தைகள் பட விழாவில் பரிசு வாங்கியது.

ஜப்பானில் மோச்சிநாகா சொந்தமாகப் பொம்மைப் பட ஸ்டூடியோ ஆரம்பித்தார். வேடிக்கை பாருங்கள், சீனாவில் செய்து பழகியதை இப்போது ஜப்பானியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அங்கே வந்து கற்றவர்களில் ஒருவர் கிஹாச்சிரோ கவாமோட்டோ. அவருக்கு அதுவும் போதவில்லை. 1963ல் பிராக் நகரத்துக்கே போய், பொம்மைப் பட மேதை யிர்ஷி டிர்ன்காவிடம் நின்றார். டிர்ன்கா சொன்ன முக்கியமான பாடம், 'உங்கள் நாட்டிலேயே அருமையான பொம்மலாட்டம் இருக்கிறதே, அதைப் பார்!' கவாமோட்டோ ஊருக்கு வந்து, ஜப்பானிய மரபிலிருந்தே 'பேய்', 'தோஜோஜி' மாதிரிப் படங்களை எடுத்தார். பார்த்தால் தூக்கம் போய்விடும்.

இதற்கிடையே மோச்சிநாகாவைத் தேடி அமெரிக்காவிலிருந்து ஆர்தர் ராங்கின் வந்தார். 1964ல் 'ருடால்ஃப், சிவப்பு மூக்குக் கலைமான்' தயாரானது. குரல்களை டொராண்டோவில் முதலிலேயே பதிவு செய்துவிட்டார்கள். அந்த ஒலிக்கு ஏற்ப, டோக்கியோவில் பொம்மைகள் வாயசைத்தன. மான் எப்படி நடக்கிறது என்று பார்க்க, நாரா நகரத்துப் பூங்காவுக்கே போய் உட்கார்ந்தார்கள் என்று சொல்வார்கள். அமெரிக்க டி.வி.யில் இன்றுவரை ஒரு கிறிஸ்துமஸ்கூட அந்தப் படம் இல்லாமல் போனதில்லை. டைட்டிலில் அவர் பெயர் 'டாட் மோச்சிநாகா'. மூன்று நாடு, மூன்று பெயர்! மனுஷர் 1999ல் காலமானார்.

2020 நவம்பரில் அந்தப் படத்தின் ருடால்ஃப், சாண்டா பொம்மைகள் இரண்டும் லாஸ் ஏஞ்சல்ஸில் ஏலத்துக்கு வந்தன. போன விலை 3,68,000 டாலர். ருடால்ஃபின் மூக்கு அப்போதும் எரிந்ததாம்.