பேரேட்டில் ஒரு பெயர்

மன்னர் வரலாறு கல்வெட்டிலே கிடைக்கும். சூரியநெல்லித் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்த தமிழ்ப் பாட்டியின் வரலாற்றை எங்கே தேடுவோம்?

அண்டையிலுள்ள கண்ணன் தேவன் மலையை 1877-இல் பூஞ்ஞாறு அரசர் ஜான் டேனியல் மன்றோவுக்குக் குத்தகையாக அளித்தார். அப்பத்திரம் இன்றும் பேசப்படுகிறது. 1894-இல் மூணாறில் வாந்திபேதியால் மாண்ட எலினர் என்னும் ஆங்கில மங்கையின் பெயரை அவரது கல்லறை காத்து நிற்கிறது. கங்காணியின் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு, திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து மலையேறிய பெண்ணுக்கோ கல்லுமில்லை, பத்திரமுமில்லை. தோட்டத்துச் சம்பளப் பேரேடு, பிறப்புப் பதிவு, பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை ஏடு, குடும்ப அட்டை ஆகியவற்றில் சிதறிக்கிடக்கும் வரிகளே அவள் சரித்திரம். 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் பேறுகால உதவிக்கு வழிசெய்த பின்னர், அவளது தாய்மையும் கணக்கேட்டில் இடம்பெறலாயிற்று.

இத்தேடல் வெறும் பழம்பெருமைக்காக அன்று. பட்டியல் சாதியினர் குறித்த குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்டு 10-இல் பிறந்தது. அதற்கு முன்பே தம் முன்னோர் கேரள மண்ணில் வாழ்ந்தமையைச் சான்றுடன் காட்டவியலாத தோட்டக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அங்கே சாதிச் சான்றிதழ் மறுக்கப்பட்டு வந்துள்ளது. கல்விச் சலுகையும் வேலை ஒதுக்கீடும் அதனோடு கைநழுவின. 1948-இல் பாட்டி பெற்ற கூலியைக் குறிக்கும் ஒற்றை வரி, பேத்திக்குக் கல்லூரி வாயிலைத் திறக்கவல்லது.

ஆகவே, லயத்து வீட்டுத் தகரப்பெட்டியில் மடங்கிக் கிடக்கும் பழைய சீட்டுகளைக் கரையானுக்கு இரையாக்கலாகாது. அவற்றைப் படியெடுத்துக் காப்பது தமிழ்ச் சங்கங்களின் கடன். ஏட்டுச்சுவடிகளைத் தேடிக் காத்த மரபினர் நாம். கூலிச் சீட்டையும் காப்போமாக!